பரண்மேல பத்து வருஷம் இருந்த கைடு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சு சற்றுத் திருத்தப்பட்டுள்ளது.)

போன வாரம் எபிசோட் வரல. சாரி. காரணம் சொல்றேன், அதுதான் இந்த வார டாபிக்கே.

ஊருக்குப் போயிருந்தேன். புதுசா கேக்குறவங்களுக்கு: எங்க ஊர் அஞ்செட்டி. ஓசூர்ல பஸ் ஏறி, தேன்கனிக்கோட்டை தாண்டி, காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு இறங்கினா வரும். ஒரே டீக்கடையில தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் கேக்கும். நான் ஓசூர்ல ரூம் எடுத்துத் தங்கி, எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போயிட்டு வர்றேன். அம்மா ஊர்லதான்.

அம்மா போன் பண்ணி, "பரண்ல கரையான் ஏறிடுச்சு, வந்து இறக்கிக் குடு"ன்னாங்க. சரி, ரெண்டு நாள் வேலைன்னு போனேன். அஞ்சு நாள் ஆச்சு.

பரண்ல என்ன இருந்துச்சு தெரியுமா? நான் ஒண்ணாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் படிச்ச மொத்தமும். பாடப்புத்தகம், நோட்டு, கைடு, வினா வங்கி, மூணு ஜாமெட்ரி பாக்ஸ், அஞ்சு ஸ்கூல் பை, பரீட்சை அட்டை, மூடி இல்லாத ஸ்கெட்ச் பேனா ஒரு டப்பா. அப்புறம், ஸ்கூல்ல குடுத்த அரசு லேப்டாப், பேட்டரி உப்பிப்போய்.

நான் நகரத்துப் புள்ளை ஆயிட்டேன்ல, யூட்யூப்ல பார்த்த ஞானத்தோட ஆரம்பிச்சேன். மாரி கொண்டோன்னு ஜப்பான்காரங்க ஒருத்தங்க, வீட்டை ஒழுங்குபடுத்துறதைப் பத்தி உலகம் முழுக்க வித்த புத்தகம் எழுதினவங்க. ஒவ்வொரு பொருளையும் கையில எடுத்து, இது மனசுக்கு மகிழ்ச்சி தருதான்னு கேக்கணும், தரலன்னா நன்றி சொல்லி அனுப்பிடணும். இது அவங்க முறை. மூணு குழந்தை ஆனதுக்கப்புறம் அவங்களே வீட்டை ஒழுங்கா வைக்கிறதை ஓரளவு விட்டுட்டதா 2023-ல சொன்னாங்க, அது வேற கதை.

நான் ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து அம்மாகிட்ட நீட்டி, "இது உனக்குச் சந்தோஷம் தருதாம்மா?"ன்னு கேட்டேன். அம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "சந்தோஷத்துக்கா வாங்கினோம்? படிக்கத்தான வாங்கினோம்."

அவ்வளவுதான். என் டீகிளட்டரிங் அங்கேயே படுத்துடுச்சு.

பொருளை விட முடியாதது ஏன்?

எங்க வீட்ல ஏப்ரல் கடைசியில ஒரு வேலை நடக்கும். பரீட்சை முடிஞ்சதும் அம்மா எல்லா நோட்டையும் பிரிச்சு, எழுதாத பக்கத்தை மட்டும் உருவி எடுப்பாங்க. கோடு போட்டது, போடாதது எல்லாம் கலந்து அடுக்கி, கோணி ஊசியில நூல் கோத்துத் தைப்பாங்க. மேல பழைய காலண்டர் அட்டை. அதுதான் அடுத்த வருஷத்து ரஃப் நோட்டு. கிளாஸ்ல எனக்கு அது கொஞ்சம் வெக்கமா இருக்கும். இன்னைக்கு யோசிச்சா, எங்க வீட்டு ரீசைக்கிளிங் யூனிட் அது.

அப்படி ஒவ்வொரு பக்கமா எண்ணி வாழ்ந்தவங்ககிட்ட போய் "தூக்கிப் போடு"ன்னா எப்படிப் போடுவாங்க? நெட்ல இருக்கிற பாதி அறிவுரை, வேணும்னா மறுபடி வாங்கிக்கலாம்னு இருக்கிறவங்களுக்கு எழுதினது.

எனக்குத் தெரிஞ்ச மொழியில சொல்றேன். ஜாவா மாதிரி மொழிகள்ல கார்பேஜ் கலெக்டர்னு ஒண்ணு இருக்கு. புரோகிராம் இனிமே எட்டவே முடியாத டேட்டாவை அது தானா நீக்கிடும். ஆனா யாருமே பயன்படுத்தாத டேட்டாவுக்கும் எங்கேயோ ஒரு ரெஃபரன்ஸ் ஒட்டிக்கிட்டு இருந்தா, அதைத் தொடாது. மெமரி நிறைஞ்சுக்கிட்டே போகும். மெமரி லீக்னு சொல்லுவோம். அம்மா மனசுல ஒவ்வொரு பொருளுக்கும் அப்படி ஒரு ரெஃபரன்ஸ்: "யாருக்காவது ஆகும்."

அந்த நினைப்பு தப்பு இல்ல. தப்பு எங்கன்னு ரெண்டாவது நாள்தான் எனக்குப் புரிஞ்சுது.

அந்தக் கைடு

கீழ் அடுக்குல என் பிளஸ் டூ கணக்கு கைடும் இயற்பியல் கைடும் இருந்துச்சு. எடுத்தா மாவா கொட்டுது. உள்ளே முழுக்கக் கரையான்.

நான் பிளஸ் டூ முடிச்சது 2015-ல. அந்த லீவுல ஒரு ஜூனியர் பையன் வீட்டுக்கு வந்தான். பக்கத்து கிராமம், ஸ்கூலுக்கு நடந்தே வருவான். "அண்ணா, கைடு குடுங்கண்ணா, படிச்சுட்டுத் திருப்பித் தந்துடுறேன்"னான். பாடப்புத்தகம் அரசு இலவசமா குடுக்கும். கைடு காசு குடுத்துதான் வாங்கணும். நான் "பாக்குறேன்டா"ன்னேன். பரண்ல ஏறச் சோம்பேறித்தனம். இன்னொரு தடவையும் வந்தான். அப்பவும் "பாக்குறேன்டா". அதுக்குள்ள கவுன்சிலிங், காலேஜ்னு நான் கிளம்பிட்டேன்.

2018-ல ஒண்ணு, ஆறு, ஒன்பது, பதினொண்ணாம் வகுப்புகளுக்குப் புதுப் பாடத்திட்டம் வந்துச்சு. பன்னிரண்டாம் வகுப்புக்கு அடுத்த வருஷம். அதாவது என் கைடு எனக்கப்புறம் நாலு பேட்ச் பிள்ளைங்களுக்கு உதவியிருக்கும். நாலு வருஷம் நாலு பேர் கையில இருந்திருக்க வேண்டியது, அப்புறம் யாருக்கும் ஆகாததாகி, கடைசியில கரையானுக்குப் போச்சு.

அந்தப் பையனை இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். ஓசூர்ல ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. நானே அந்தப் பேச்சை எடுத்தேன். சிரிச்சான். "அட, அதை இன்னுமா ஞாபகம் வச்சிருக்கீங்க? வேற ஒரு அண்ணன்கிட்ட பத்து நாள் கடன் வாங்கினேன். முக்கியமான கணக்கை மட்டும் ராத்திரி உக்காந்து நோட்டுல எழுதிக்கிட்டேன். பாஸ் ஆயிட்டேன்ணா, விடுங்க"ன்னான்.

அவன் விட்டுட்டான். எனக்குத்தான் விடல.

பொருளைப் பத்திரமா வச்சிருந்தா அது யாருக்காவது ஆகும்னு நினைக்கிறோம். ஸ்கூல் சாமானுக்கு ஒரு காலக்கெடு இருக்கு, ஜூன் மாசம் ஸ்கூல் திறக்குற நாள். அதுக்கு முன்னாடி குடுத்தா அது உதவி. அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு வருஷமும் பேப்பர் எடையை நோக்கித்தான் போகுது.

இது வீட்டுக்கு மட்டும் இல்ல. 2021-ல ஆட்சி மாறினப்போ, முன்னாள் முதல்வர்கள் ஜெயலலிதா, எடப்பாடி பழனிசாமி படம் அச்சடிச்ச ஸ்கூல் பைகள் சுமார் 65 லட்சம் கையிருப்புல இருந்துச்சு. படத்தை மாத்தாம அப்படியே பிள்ளைங்களுக்குக் குடுக்கச் சொல்லிட்டார் முதல்வர் ஸ்டாலின். அதனால 13 கோடி ரூபாய் மிச்சம்னு பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் சட்டசபையில சொன்னார். உங்க அரசியல் எதுவா வேணா இருக்கட்டும். பைக்குப் படம் முக்கியமா, அதைத் தோள்ல மாட்டப்போற பிள்ளை முக்கியமாங்கிற கேள்விக்கு அது நல்ல பதில்.

மீதி மூணு நாள் நாங்க செஞ்சது

அம்மாகிட்ட கேள்வியை மாத்தினேன். "இது வேணுமா"ன்னு கேக்கல. "இது ஜூன்ல யார் கைக்குப் போகணும்?"னு கேட்டேன். மளமளன்னு பதில் வந்துச்சு. தெருவுல எந்தப் பிள்ளை எந்த வகுப்புன்னு அம்மாவுக்கு அத்துப்படி.

ஜாமெட்ரி பாக்ஸ்: மூணுலயும் குறை. ஒண்ணுல காம்பஸ் இல்ல, ஒண்ணுல பாகைமானி உடைஞ்சிருக்கு. சேர்த்துப் போட்டா ரெண்டு முழு செட் தேறுச்சு.

பை: அஞ்சுல ரெண்டு நல்லா இருந்துச்சு. ஜிப்பை மட்டும் டெய்லர்கிட்ட மாத்தி, துவைச்சுக் காயப்போட்டோம். கிழிஞ்ச மூணும் குப்பைக்கு. கிழிஞ்சதை அடுத்தவங்களுக்குக் குடுத்தா அது உதவி இல்ல, நம்ம குப்பையை அவங்க வீட்டுக்கு மாத்துறது.

பேனா: ஒவ்வொண்ணையும் எழுதிப் பார்த்தோம். போர் அடிக்கிற வேலை, ஆனா செய்யுங்க. எழுதாத பேனாவை வாங்குற பிள்ளையோட முகத்தை யோசிச்சுப் பாருங்க.

பாடப்புத்தகம்: பழைய பாடத்திட்டம் எல்லாம் எடைக்கு. இப்போ நடப்புல இருக்கிற புத்தகம் எல்லாம் பாடநூல் கழகத்தோட இணையதளத்துல பிடிஎஃப்பா இலவசமா கிடைக்குது, அதனால பயம் வேண்டாம். எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நோட்டையும் தலைகீழா உதறுங்க. எனக்கு ஒரிஜினல் சாதிச் சான்றிதழ் ஒரு வேதியியல் நோட்டுக்குள்ள இருந்து விழுந்துச்சு!

லேப்டாப்: உப்பின பேட்டரியை அமுக்காதீங்க, குத்தாதீங்க, பேப்பர் கடையில போடாதீங்க, தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு எடுக்கிற அங்கீகாரம் பெற்ற இடத்துலதான் குடுக்கணும். என்னோடதைத் தனியா எடுத்து வச்சிருக்கேன், பெங்களூர்ல குடுக்கப்போறேன்.

நகரத்துல இருக்கிறவங்க, "எங்க தெருவுல யாரைத் தெரியும்?"னு கேப்பீங்க. உங்க அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி அண்ணன்கிட்டயோ, வீட்டு வேலைக்கு வர்ற அக்காகிட்டயோ முதல்ல கேளுங்க, அப்புறம் குடுங்க. நீங்களா பையில கட்டித் திணிக்காதீங்க. இல்லன்னா கூஞ்ச் மாதிரி அமைப்பு இருக்கு. 1999-ல அன்ஷு குப்தா ஆரம்பிச்சது, அவருக்கு 2015-ல மகசேசே விருது கிடைச்சுது. நகரத்து ஸ்கூல் சாமானைக் கிராமத்துப் பிள்ளைங்களுக்குக் கொண்டுபோறதுக்குன்னே தனித் திட்டம் வச்சிருக்காங்க.

கடைசியில பரண் காலி. அம்மா ஒரே ஒரு பொருளைக் குடுக்க மாட்டேன்னாங்க, கோணி ஊசி. நானும் ஒரு ரஃப் நோட்டை எடுத்து வச்சுக்கிட்டேன். அது யாருக்கும் ஆகாது, எனக்கு மட்டும்தான். அப்படி ஒண்ணு இருக்கலாம், தப்பில்ல.

இந்த ஞாயித்துக்கிழமை மொத்த வீட்டையும் கவுக்க வேண்டாம். ஒரே ஒரு பை. அதைத் திறந்து, ஜூன்ல யார் கைக்குப் போகணும்னு கேளுங்க. யாராவது ஏற்கனவே உங்ககிட்ட ஏதாவது கேட்டு, நீங்க "பாக்குறேன்"னு சொல்லியிருந்தா, அதுல இருந்து ஆரம்பிங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.