வாடகை பாக்கி விழுந்தால் என்ன செய்வது?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



சில வருடங்களுக்கு முன் நான் செயலாளராக இருந்தபோது ஒரு ஃபிளாட் ஓனர் போன் செய்தார். "மூணு மாசமா வாடகை வரலை சார். தண்ணியை நிறுத்திடுங்க, தானா காலி பண்ணிடுவாங்க" என்றார். நானும் பிளம்பரைக் கூப்பிட்டு வால்வை மூடச் சொன்னேன். மறுநாள் காலை அந்த வீட்டுப் பாட்டி சம்ப் பக்கத்தில் குடத்தோடு நின்றார். மனசு கேட்கவில்லை, உடனே திறக்கச் சொன்னேன். நான் செய்தது சட்டப்படியும் தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை நிறுத்தக் கூடாது. வீட்டைக் காலி செய்ய உத்தரவிட வேண்டியது வாடகை நீதிமன்றம். ஓனரோ, சங்கமோ, வாட்ச்மேனோ அல்ல.

ஓனருக்கும் வழி இருக்கிறது. அவருக்கும் இ.எம்.ஐ. இருக்குமே! இரண்டு மாத வாடகை பாக்கியானால் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழு பாக்கியையும் ஓனரிடமோ நீதிமன்றத்திலோ கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காகக் காலி செய்யச் சொல்ல முடியாது. கட்டாவிட்டால் ஓனர் நீதிமன்றம் போகலாம். ஒருமுறை இப்படித் தப்பித்தவர் பிறகு ஒரே வருடத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால், அந்தச் சலுகை மறுபடி கிடைக்காது.

கொரோனா காலத்தில் அமெரிக்காவில் வாடகை பாக்கியை அடைக்க அரசே பல ஆயிரம் கோடி டாலர் கொடுத்தது. நம் ஊரில் தனியார் வீட்டு வாடகைக்கு அப்படிப் பொதுவான திட்டம் இல்லை. அதனால் நாமே பேசித் தீர்த்துக்கொள்வதுதான் நல்லது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு: கஷ்டம் வந்தால் போனை எடுக்காமல் இருக்காதீர்கள். முதல் மாதமே ஓனரிடம் சொல்லுங்கள். முடிந்ததைக் கட்டி ரசீது வாங்குங்கள். நோட்டீஸ் வந்தால் தேதியைக் குறித்து வையுங்கள். 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு.

ஓனர்களுக்கு: ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சை நம்பினால் பின்னால் உங்களுக்கும் சிரமம்.

அந்தப் பாட்டி வீட்டில் மகனுக்கு வேலை போயிருந்தது. இருவரையும் சங்க அறையில் உட்கார வைத்துப் பேசினோம். பாக்கியில் ஒரு பகுதியை அட்வான்ஸில் கழித்து, மீதியை நாலு தவணையில் கட்டுவதாக எழுதிக்கொண்டார்கள், கட்டியும் முடித்தார்கள்.

அதனால் ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன்: யார் கேட்டாலும், வாடகை பாக்கிக்காக நம் சங்கம் எந்த வீட்டு வால்வையும் மூடாது. ஆதரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.