சுப்ரீம் கோர்ட்டும் தலைவிதியும்

(கள்ளக்குறிச்சிப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



2024 ஜூனில் இவ்வூர்க் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டபோது, "எல்லாம் தலைவிதி" என்று சொன்னவர்கள் பலர். நான் கேட்கிறேன்: சாராயத்தில் மெத்தனாலைக் கலந்தது விதியா, மனிதனா? மனிதன்தான் என்றால், கலந்தவன் யார், விற்றவன் யார், பார்த்தும் பாராமலிருந்தவன் யார் என்றல்லவா கேட்கவேண்டும்?

கோர்ட்டு அதைத்தான் கேட்டது. அவ்வருஷம் நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. மாநில சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போயிற்று. டிசம்பர் 17-ந் தேதி அது தள்ளப்பட்டது. அதற்குமேல் அப்பீல் போகச் சர்க்காருக்கும் வழியில்லை.

இவ்வளவு அதிகாரம் அந்தக் கோர்ட்டுக்கு எங்கிருந்து வந்தது? எந்தச் சாமியும் கொடுக்கவில்லை. 1950 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த, மனிதர்கள் எழுதிய அரசியல் சட்டம் கொடுத்தது. அதன் 32-வது பிரிவுப்படி, அடிப்படை உரிமை பறிக்கப்பட்ட எவரும் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாம். 141-வது பிரிவுப்படி, அது விளக்கிச் சொல்லும் சட்டம் மற்றெல்லாக் கோர்ட்டுகளையும் கட்டுப்படுத்தும்.

அதற்காக, பழைய சாமியை இறக்கிவிட்டு, கறுப்பு அங்கி போட்ட புதுச் சாமியை ஏற்றிவைக்க வேண்டியதில்லை. 1951 ஏப்ரலில் இதே கோர்ட்டுதான் நமது வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்றது. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் பயனாக, அவ்வருஷம் ஜூனிலேயே அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 1973-ல் கோர்ட்டு, "திருத்தலாம், ஆனால் அடிப்படை அமைப்பை அழிக்கக்கூடாது" என்று அந்தத் திருத்தும் அதிகாரத்துக்கே எல்லை போட்டது. ஆகவே, ஒருவரை ஒருவர் தட்டிக்கேட்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடே தவிர, இதில் தெய்வீகம் ஏதுமில்லை.

கல்வராயன் மலை ஜனங்களின் கஷ்டங்களை 2024 ஜூலையில் ஐகோர்ட்டு தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. நல்ல காரியந்தான். ஆனால் கோர்ட்டு உத்தரவு போடுமே ஒழிய, ரோடு போடாது. உத்தரவு நடந்ததா என்று பார்த்துக் கேட்கவேண்டியவர்கள் நாம்.

"மலையை விட்டிறங்கவே காசில்லாதவன் டில்லிக்கு எப்படிப் போவான்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. 1987-ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டப்படி, பழங்குடியினர், ஆதி திராவிடர், பெண்கள் முதலியவர்களுக்கு வக்கீலைக் கூலியில்லாமல் அமர்த்தித்தர வேண்டும். இது பிச்சையல்ல, உரிமை.

ஆகவே தோழர்களே, விதி என்று அழுதுகொண்டிராமல், கஷ்டத்தைக் காகிதத்தில் எழுதிக் கேளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.