ஆணை வெளியே வரட்டும்; அஞ்சல் உள்ளே இருக்கட்டும்

(சங்கரன்கோவிலில் ஆற்றிய உரை)



தறியோசை ஓயாத இந்தச் சங்கரன்கோவிலில், 2018 மே மாதம், ஓசையின்றி ஒன்று ஓய்ந்தது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து, போராட்டத்தின் 100ஆம் நாளான மே 22 அன்று திரண்ட மக்கள்மீது துப்பாக்கி வெடித்தது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் பறிபோயின. மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் 27ஆம் தேதிவரை இணையத்தைத் துண்டிக்க மாநில அரசு ஆணையிட்டது. இன்று தென்காசி மாவட்டத்திலுள்ள இவ்வூர் அன்று நெல்லை மாவட்டத்தில் இருந்தது.

வதந்தியைத் தடுக்கவே தடை என்றனர். வதந்தி எப்போது வளரும்? உண்மையின் வாயை அடைக்கும்போதுதானே! சுட்டது தூத்துக்குடியில், பூட்டியது சங்கரன்கோவிலையும் ஏன்? உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைக் கேட்ட பிறகே நெல்லைக்கும் குமரிக்கும் இணையம் மீண்டது.

இந்தப் பூட்டுக்குச் சாவி தந்தது எது தெரியுமா? வெள்ளையன் 1885இல் வார்த்த தந்திச் சட்டம்! அதன்கீழ் 2017இல் விதிகள் வகுத்தனர். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அதே அதிகாரத்தை அரசின் கையில் வைத்திருக்கிறது.

வாயை அடைப்பது ஒரு கை. மடலைப் பிரிப்பது மறு கை. வாட்சப்பில் நீங்கள் அனுப்பும் செய்தி, மறையெழுத்தாக மாறிச் செல்கிறது. அனுப்புவோர், பெறுவோர் கருவிகளில் மட்டுமே அது திறக்கும். ஆனால் 2021ஆம் ஆண்டு விதிகளோ, ஆணை வந்தால் முதலில் அனுப்பியவர் யாரென்று நிறுவனம் காட்ட வேண்டும் என்கின்றன. ஒருவரைக் காட்ட வேண்டுமானால் எல்லோரையும் குறித்து வைக்க வேண்டாமா? எண்ணிப் பாருங்கள்!

குற்றவாளியைப் பிடிக்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஒருவனைப் பிடிக்க ஊரையே சந்தேகிக்காதே என்கிறோம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று, 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துரைத்தனர். இணையத் தடை ஆணையை வெளியிட வேண்டும், காலவரையற்ற தடை கூடாது என்று 2020 ஜனவரி 10 அன்று அதே மன்றம் கூறிற்று. ஆள்வோரின் ஆணை திறந்திருக்க வேண்டும். ஆளப்படுவோரின் அஞ்சல் மூடியிருக்க வேண்டும். தலைகீழாக இருப்பின் அது மக்களாட்சியன்று!

ஆகவே, தோழர்களே, மீண்டும் இணையம் நின்றால், ஆணை எங்கே, காரணம் என்ன, எத்தனை நாள் என்று கேளுங்கள். எழுத்து மூலம் கேளுங்கள். தராவிடில் நீதிமன்றம் செல்லுங்கள். ஆராயாத செய்தியைப் பரப்பித் தடைக்குச் சாக்கு அளிக்காதீர்கள். உறுப்பினர் பட்டியலையும் தொலைபேசி எண்களையும் கண்ட குழுக்களில் கொட்டாதீர்கள். அவை நம்மை நம்பித் தந்தவரின் உடைமை.

அரசிடம் கேட்கும் அந்தரங்கத்தை முதலில் நாம் ஒருவருக்கொருவர் காப்போம்!