சட்டச் சம்பளமா, வாழும் சம்பளமா?

(லாயாங் லாயாங் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டிப் பேச மாட்டோம். கேட்க வந்தது ஒரே கேள்விதான். சட்டம் சொல்லும் சம்பளமும் நம் அடுப்பு கேட்கும் சம்பளமும் ஒன்றா?

இக்கேள்வி புதியதல்ல. 1920களின் கடைசியில், தோட்டத் தொழிலாளி உயிர் வாழ இவ்வளவு போதும் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை விழுந்தது. உடனே 40 காசாகவும் 32 காசாகவும் குறைத்தார்கள். நம் பாட்டன் பாட்டியின் வயிறு அந்த ஆண்டு சுருங்கிவிட்டதா? கணக்கை எழுதியவர் பட்டினி கிடக்கவில்லை. பட்டினி கிடந்தவர்களை யாரும் கேட்கவுமில்லை.

1941இல் கிள்ளான் தோட்டங்கள் பொங்கி எழுந்தன. சம்பளத்தை உயர்த்து என்றார்கள். அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும், கள்ளுக்கடை வேண்டாம், துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது; தொழிலாளர் உயிர்கள் பலியாயின. அந்தக் கோரிக்கையில் கிராணிமாரும் குற்றவாளிக் கூண்டில் நின்றதைக் கிராணிகளாகிய நாங்கள் மறக்கலாகாது.

மாதச் சம்பளம் கேட்டு 1990இல் நம் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். 2011இல் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் வந்தது. 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளமாயிற்று. ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்து வேலை வாங்கும் முதலாளிகளுக்கு 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து அது 1700 வெள்ளி. எடைக்குக் கூலி வாங்குவோருக்கும் மாதச் சம்பளம் இதற்குக் குறையக்கூடாது. இதை நன்றாக மனத்தில் வையுங்கள்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். முன்பு ஒரு தோட்டத்தில் மழை நாட்களுக்குப் பேர் போடாதே என்று மேலிடம் சொன்னது. நாங்கள் வாய் திறவாமல் அப்படியே எழுதினோம். சம்பளத்தன்று ஒரு தாய் சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போனார். அந்த வெட்கந்தான் எங்களைச் சங்கத்துக்குக் கொண்டு வந்தது.

1700 வெள்ளி என்பது தரை. அதன்மேல் வீடு கட்ட வேண்டும். கோலாலம்பூரில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஓரளவு கௌரவமாக வாழ மாதம் 6500 வெள்ளி வேண்டும் என்று 2018இல் பேங்க் நெகாரா கணக்கிட்டது. லாயாங் லாயாங் கோலாலம்பூர் அல்ல என்பார்கள். மெய்தான். அப்படியானால் லாயாங் லாயாங் கணக்கு எங்கே? அதை நாமே எடுக்க வேண்டும்!

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துத் தேவாலயத்தாரும் தொழிற்சங்கத்தாரும் ஒன்று சேர்ந்தார்கள். நகராட்சியின் குத்தகை வேலை செய்வோருக்கு வாழ்வதற்கேற்ற சம்பளம் தர வேண்டுமென்று 1994இல் சட்டம் செய்வித்தார்கள். கிழக்கு லண்டனில் 2001இல் கோயிலும் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் சேர்ந்து அதே குரலை எழுப்பின. ஆலையோடு ஊரும் சேர்ந்து கேட்டது, அதனால் வென்றார்கள்.

நாமும் அவ்வாறே செய்வோம். வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். மூன்று மாதம் அரிசி, எரிவாயு, பள்ளி பஸ், மருந்து, கடைக்கடன் எல்லாம் எழுதுங்கள். தாய்மார்களே, இதில் உங்கள் சொல்லே கடைசிச் சொல். எழுத முடியாதவர்களுக்குக் கிராணிமார் நாங்கள் எழுதித் தருவோம். கோயில் கமிட்டியும் பெற்றோர் சங்கமும் கடைக்காரரும் கூட வரட்டும். இந்தோனேசியத் தோழர், வங்காளத் தோழர் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். அவர் கூலி தாழ்ந்தால் நம் கூலியும் தாழும்.

அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் முதலாளிமார் கணக்கை வைப்பார்கள். நம் அடுப்பின் கணக்கும் அங்கே இருக்கட்டும். இம்முறை அதை எழுதும் கை நம் கையாக இருக்கட்டும்!