அம்மியும் குழவியும்



பழவேற்காட்டு ஏரியைப் பற்றிப் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் அந்த உவர்நீர்ப் பரப்பு, நம் நாட்டில் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய காயலாகும். அதன் கரைக் குப்பங்களிலிருந்து மீனும் இறாலும் நண்டும் சிறு வண்டிகளில் ஏறிப் பொன்னேரி வழியாகச் செல்கின்றன. மீனைக் காப்பது பனிக்கட்டி. வழியில் நடப்போரைக் காப்பது எது? வண்டியின் பிரேக்.

இத்தகைய வண்டிகள் பலவற்றின் முன்சக்கரங்களில், சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு ஒன்று உண்டு. அதனை டிஸ்க் என்பர். மிதியை அழுத்தியதும், பேடு என்னும் இரு பட்டைகள் அதனை இருபுறமும் கவ்வுகின்றன. வண்டியின் வேகம் உராய்வினால் வெப்பமாக மாறிக் காற்றிலே கலக்கிறது. இவ்வமைப்புக்கு 1902ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்னும் பொறியியலாளர் காப்புரிமை பெற்றார்.

வார்ப்பிரும்புக்கு உப்பு பகை. இரவில் படியும் மெல்லிய துரு, காலையில் நாலைந்து முறை பிரேக் பிடித்தால் அகன்றுவிடும். பல நாள் ஓடாமல் நின்றால் துரு குழி பறித்துவிடும்.

என்னிடம் பயின்ற ஒருவர் அங்கே மீன் வண்டி ஓட்டுகிறார். மழைக்காலத்தில் அவர் வண்டி சில வாரங்கள் நின்றுவிட்டது. இரு டிஸ்குகளும் குழிந்துபோயின. ஓரத்தில் பொறித்திருந்த குறைந்த அளவுக்கும் கீழே தேய்ந்திருந்தன. புதியவை வாங்கினார். பிறகு என்னைக் கேட்டார்: “ஐயா, பழைய பேடு பாதிக்குமேல் இருக்கிறதே, அதையே போடலாமா?”

“தம்பி, புது அம்மிக்குப் பழைய குழவி உடனே பொருந்துமா?” என்றேன்.

பழைய பேடு, பழைய டிஸ்கின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். புதிய சமதளத்தில் அதன் மேடுகள் மட்டுமே படும். பிடிப்பு குறையும், பட்ட இடம் மிகுதியாகச் சூடேறும், புதிய டிஸ்கும் கெடும். பேடு ஏறக்குறைய புதியதாய், சமமாய்த் தேய்ந்து, வெடிப்பும் எண்ணெய்க் கறையும் இல்லாதிருந்தால் மட்டுமே மீண்டும் இடலாம். ஐயமிருப்பின் மாற்றுவதே முறை. அதுவும் இரு சக்கரங்களிலும் ஒருங்கே மாற்ற வேண்டும். ஒருபுறம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

அவருடைய பேடுகளைக் கழற்றிப் பார்த்தோம். வரிவரியாய்ப் பள்ளம், ஒன்றின் ஓரத்தில் வெடிப்பு. தடிமன் இருந்தது, தகுதி இல்லை. அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். அவர் மகள் அதே சாலையில்தான் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்கிறாள். மறுநாளே புதிய பேடுகள் வாங்கினார்.

பொருத்துகையில் மெக்கானிக் செய்தவற்றையும் கேளுங்கள். டிஸ்க் அமரும் இடத்துத் துருவைச் சுரண்டினார். சிறு துரு எஞ்சினாலும் தட்டு கோணலாய்ச் சுழன்று மிதி அதிரும். புதிய டிஸ்கின் எண்ணெய்ப் பூச்சைத் துடைத்தார். வண்டியை நகர்த்துமுன் மிதி கெட்டிப்படும்வரை பலமுறை அழுத்தினார். பின்னர், ஆளில்லாச் சாலையில் மிதமான வேகத்தில் பலமுறை மென்மையாகப் பிரேக் பிடித்து, இடையிடையே ஆறவிட்டுப் பழக்கினார்.

மாணவர்களே, ஒரு பொருள் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று மட்டும் பார்த்தல் போதாது. தன் துணையோடு அது பொருந்துகிறதா என்றும் பார்த்தல் வேண்டும். சிக்கனம் நன்று, பிறர் உயிரைப் பணயம் வைக்கும் சிக்கனம் நன்றன்று.