நாம் நடக்கும்போது இரத்தக் குழாயில் நடப்பது என்ன?
(மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் இருதய நோயாளிகளின் மனுக்களைப் படிக்கும்போது நம் மனம் கனத்துப் போகிறது. சம்பாதிக்கும் ஒருவர் படுத்துவிட்டால் பிள்ளைகளின் படிப்பு, மகளின் திருமணம் எல்லாமே தடுமாறுகின்றன. ஆஞ்சியோவுக்கும் பைபாஸுக்கும் பணம் திரட்டித் தருவது நம் கடமை. ஆனால் அந்த நிலைமை வராமல் காப்பது அதைவிடப் பெரிய உதவி.

லண்டன் மாநகரில் அந்தக் காலத்தில் இரண்டு அடுக்குப் பேருந்துகளில் டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இருவரையும் ஒப்பிட்டு ஆராய்ந்த ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953இல் வெளியிட்டார். ஏன் குறைவு என்பது பிறகுதான் விளங்கியது.

நம் இரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதற்கு எண்டோதீலியம் என்று பெயர். வேகமாக நடக்கும்போது இரத்தம் விரைந்து பாய்ந்து இந்தப் படலத்தை உரசுகிறது. உரசலை உணர்ந்த செல்கள் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. அந்த நொதி, அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்குகிறது. அது குழாயைச் சுற்றியுள்ள தசையை இளக்குகிறது, குழாய் விரிகிறது, இரத்தம் தடையின்றி ஓடுகிறது. இரத்தம் உறைந்து கட்டியாவதையும் அது தடுக்கிறது. இந்த உண்மையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதுவும் உடலுக்குள் இதே வாயுவைத் தந்துதான் வேலை செய்கிறது.

ஆனால் இந்த வாயு சில விநாடிகளே நிலைக்கும். சேர்த்து வைக்க முடியாது. தினமும் நடப்பவரின் செல்கள் அந்த நொதியையே அதிகமாக உண்டாக்கிக்கொள்கின்றன. நடையை நிறுத்தினால் சில வாரங்களில் அந்தப் பலன் குறைந்துவிடுகிறது. போன வருடம் நடந்தோம் என்பது இந்த வருடத்துக்கு உதவாது.

இன்னும் சில மாற்றங்களும் நிகழ்கின்றன. தசைகளில் புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன. வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 5 துடிப்பு குறைந்தால், மணிக்கு 300 துடிப்பு இருதயத்துக்கு மிச்சம்.

இதற்குச் செலவு எதுவும் இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது வாரத்தில் 5 நாள், 30 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியாமல் மூச்சு வாங்க வேண்டும். அதுவே சரியான வேகம். பக்கத்துத் தெருவிலுள்ள பள்ளிவாசலுக்கும் பைக்கில் போகும் பழக்கத்தை நாம் விடலாமே!

பெண்களைப் பற்றிக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். அடுப்படியில் நிற்பதே போதும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். கால் வலிக்கும், ஆனால் இரத்தம் வேகமெடுக்காது. சுப்ஹுக்குப் பின்னோ அஸருக்குப் பின்னோ இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நடக்கலாம். மொட்டை மாடியிலும் நடக்கலாம். அந்த அரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியது ஆண்களின் பொறுப்பு.

ஏற்கனவே இருதய நோயோ சர்க்கரையோ உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நின்றுவிடுங்கள். மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிக்காதீர்கள். டாக்டர் எழுதிய மாத்திரையை நடையை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

நாளைக் காலையே தொடங்குவோம். தனியாக அல்ல, வீட்டில் ஒருவரையாவது உடன் அழைத்துக்கொண்டு.