ஈயத்தூசியும் தொழிலாளர் தேகமும்



மோட்டார் வாகனங்களுக்குரிய ஈய பாட்டரியைச் செய்யுமிடத்தில், ஈய ஆக்ஸைடுப் பொடியைக் கந்தக அமிலமும் நீரும் சேர்த்துப் பசையாகப் பிசைந்து, ஈயச் சட்டங்களில் அப்பி உலர்த்துகிறார்கள். ஈரம் உள்ளவரையில் அடங்கிக் கிடக்கும் அந்தப் பசை, உலர்ந்த தகடுகளை ஒருவர் கையாலெடுத்து அடுக்கும்போது நுண்ணிய தூசியாக உதிர்ந்து, குனிந்திருப்பவர் முகத்துக்கு நேரே எழுகிறது. மூச்சோடு உட்சென்று இரத்தத்தில் கலந்த ஈயத்தில் ஒரு பகுதி கழிந்துபோக, எஞ்சியது எலும்பிற் குடியேறிப் பல்லாண்டுகள் தங்கிவிடுகிறது. வயிற்றுவலி, இரத்தசோகை, மணிக்கட்டுத் தளர்ந்து கை தொங்கிப்போதல் முதலிய உபாதைகளை, ஆலிஸ் ஹாமில்ட்டன் என்னும் அமெரிக்க வைத்திய அம்மையார் 1910 தொடங்கித் தொழிற்சாலை தொழிற்சாலையாகச் சென்று எழுதிவைத்தார்.

1978-இல் அந்நாட்டு அரசாங்கம், தொழிற்சாலைக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கலாகாது என்றும், இரத்தத்தில் ஈயம் மிகுந்தவரை ஊதியம் குறையாமல் வேறு வேலைக்கு மாற்றவேண்டும் என்றும் விதித்தது. ஆயினும் 1982-இல் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம், கருவிலுள்ள சிசுவைக் காப்பதாகச் சொல்லி, மகப்பேற்றுக்கு வழியில்லை என்று வைத்தியச் சான்று காட்டாத பெண்கள் அனைவரையும் ஈயம் புழங்கும் வேலைகளினின்று விலக்கியது. வேலையை இழக்க அஞ்சி ஒரு பெண் கருத்தடைச் சிகிச்சை செய்துகொண்டார். விவாகரத்தான ஐம்பது வயது மாது ஒருவர் ஊதியம் குறைந்த இடத்துக்கு மாற்றப்பட்டார். தந்தையாக விரும்பித் தம் இரத்தத்து ஈயம் குறையும்படி விடுப்புக் கேட்ட ஆடவர் ஒருவருக்கு அது மறுக்கப்பட்டது. இவர்களுக்காக மோட்டார் தொழிலாளர் சங்கம் வழக்காடியது.

இம்மூவருள் அந்த ஆடவரின் விண்ணப்பமே என் சிந்தையில் நிலைத்து நிற்கிறது. சிசுவிடம் கொண்ட கருணை பழிக்கத்தக்கதன்று. ஆனால் ஈயம் ஆணின் விந்தணுவையும் கெடுக்கும் என்பதற்குச் சான்றுகள் வழக்கிலேயே இருந்தன. நிறுவனம் அதை ஒப்புக்கொண்டிருந்தால், பெண்ணை விலக்கிய அதே நியாயத்தால் ஆணையும் விலக்க நேர்ந்து, தகடு அடுக்க ஆளில்லாமல், தூசியை எழுமிடத்திலேயே உறிஞ்சும் குழாய்களை அமைத்துக் காற்றைச் சுத்தம் செய்வதொன்றே வழியென்று முடிந்திருக்கும்.

கீழ் நீதிமன்றங்கள் நிறுவனத்தின் பக்கமே நின்றன. 1991 மார்ச் 20-இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி பிளாக்மன் எழுதிய தீர்ப்பில், அவ்விலக்கு 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு விரோதமென்று கண்டது. நீதியான தீர்ப்பு அது. எனினும் அது திறந்துவிட்டது வாயிற்கதவையே, உள்ளேயிருந்த காற்றை அது தொடவில்லை. அமெரிக்க மத்திய அரசாங்கம் 1978-இல் வகுத்த 50 என்ற எல்லை இன்றளவும் மாறாதிருக்க, கலிபோர்னியா மாகாணம் 2025 ஜனவரி முதல் அதைத் தன் எல்லைக்குள் 10 ஆகக் குறைத்திருக்கிறது.